தொண்ணூறை நெருங்கும் உடம்பில் எதைப் பார்க்க வேண்டும்? முதியோர் நலம் – கேள்வி பதில்

கவிதா: அப்பாவுக்கு 91 வயது. டெலோமியர் நீளம் பார்த்து உடம்பின் ‘உண்மையான வயதை’ச் சொல்லும் டெஸ்ட் இருக்கிறதாமே, எடுக்கலாமா?

வேண்டாம் அம்மா, காசுதான் வீண். குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர், செல் பிரியப் பிரியக் குட்டையாவது உண்மைதான். ஆனால் 85-ஐத் தாண்டியவர்களிடம் அதன் நீளத்தை வைத்து யார் நீடிப்பார் என்று சொல்ல முடியவில்லை. ஸ்பெயினில் 2024-ல், 117 வயதில் காலமான மரியா பிரான்யாஸின் டெலோமியர்கள் மிகவும் குட்டை. அதே உடம்பில் அழற்சி (இன்ஃப்ளமேஷன், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உள்ளுக்குள் ஓயாமல் கனன்றுகொண்டிருப்பது) குறைவு. டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும், வயதோடு மாறும் மெத்தில் என்ற வேதிக் குறிகளை வைத்துக் கணக்கிட்ட வயதும் நிஜ வயதைவிட நன்றாகவே குறைவு. 113 வயதில் கொரோனா வந்தும் மீண்டவர் அவர். ஜப்பானில் நூறைத் தாண்டியவர்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவும் அழற்சியைத்தான் கைகாட்டியது, டெலோமியரை அல்ல.

செந்தில்: அப்படியானால் ரத்தத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் ஆல்புமின், கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் புரதம். 85 முதல் 110-க்கும் மேற்பட்ட வயதுவரை 1,427 ஜப்பானியர்களை ஆராய்ந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், எல்லா வயதுப் பிரிவிலும் ஆல்புமின் குறைந்தவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற பொருள் ரத்தத்தில் குறைவாக இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆல்புமின் குறைந்திருந்தால் உடனே புரோட்டீன் பவுடர் வாங்கக் கிளம்பாதீர்கள். கல்லீரல், சிறுநீரகம், உள்ளுக்குள் இருக்கும் அழற்சி என்று காரணம் வேறாகவும் இருக்கலாம்.

ரஹீம்: டெஸ்ட் இல்லாமல் அத்தாவின் உடல்நிலையை வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். கூடத்தில் 4 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள். கோட்டுக்கு ஓரிரு அடி முன்னாலிருந்தே அத்தாவை நடக்கச் சொல்லுங்கள். கைத்தடி இருந்தால் அதோடே நடக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள், வழக்கமான நடை போதும். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். 5 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். 65 வயதைத் தாண்டிய 34,000-க்கும் மேற்பட்டோரின் தரவை அலசி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த வயதுக்குரிய சராசரி ஆயுளோடு ஒத்துப்போன வேகம் ஏறக்குறைய இதுதான். நடக்க இதயம், நுரையீரல், தசை, நரம்பு, கண், மூளை எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதனால்தான் ஒரே எண்ணில் இவ்வளவு தெரிகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 5 விநாடி 7 ஆகிவிட்டால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

லதா: மாமியாருக்கு 88. பிபி, சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் உண்டு. இதை எப்படி ஆரோக்கியமான முதுமை என்பது?

தாராளமாகச் சொல்லலாம். இங்கிலாந்தின் நியூகாசலில் 1921-ல் பிறந்தவர்களை 85 வயதில் பரிசோதித்தபோது, நோயே இல்லாதவர் என்று ஒருவர்கூட இல்லை. ஆனாலும் முக்கால்வாசிப் பேருக்கு மேல், தங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் தங்கள் உடல்நிலை நன்றாகவே இருக்கிறது என்றார்கள்.

நோய்ப் பட்டியலை விடுங்கள், மீளும் திறனைப் பாருங்கள். ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போனபின் எத்தனை நாளில் அவராக எழுந்து குளிக்கப் போகிறார்? போன முறை நாலு நாள், இந்த முறை இரண்டு வாரம் என்றால் உடம்பின் கையிருப்புச் சக்தி கரைகிறது என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் ‘பாவம், படுத்திருக்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் இருந்ததில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தது ஒரு பரிசோதனையில் தெரிந்தது. காய்ச்சல் இறங்கியதும், டாக்டர் சரி என்றால், சாப்பாட்டையாவது நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.