மியூசியத்துக்கு இசைக் காட்சி செய்யப் போகிறாளாம், விடலாமா?

சார், இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) மூன்றாம் வருஷம் படிக்கிற, மிருதங்கமும் வாசிக்கிற பெண் திடீரென்று "குழந்தைகள் தொட்டு வாசிக்கிற இசைக் காட்சிகளை மியூசியத்துக்குச் செய்யப் போகிறேன்" என்றால் எந்த அப்பாவுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கிறார்கள், ஆனால் இடங்கள் குறைவு. அறிவியல் மையங்களை நடத்தும் மத்திய அரசின் என்.சி.எஸ்.எம். என்ற அமைப்பு கொல்கத்தாவில் இருக்கிறது, மற்றபடி பெரும்பாலும் தனியார் வடிவமைப்பு கம்பெனிகள்தான், ப்ராஜெக்ட் வந்தால் வேலை. மேற்படிப்புக்கு மும்பை ஐ.ஐ.டி.யில் இன்டராக்‌ஷன் டிசைன் (ஆட்கள் கருவியோடு பழகும் விதத்தை வடிவமைப்பது) முதுநிலை உண்டு, சி.இ.இ.டி. என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அதெல்லாம் அப்புறம். இந்த லீவில் ஒன்றே ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிவிசி பைப்புகளை மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களுக்கு அறுத்து வரிசையாகக் கட்டி, பைப்பின் வாயில் ரப்பர் செருப்பால் அடித்தால் நாதம் வரும். மோகனம் ஏன் என்றால், எந்த ஸ்வரத்துக்குப் பின் எதை அடித்தாலும் காதைக் குத்தாது, ஒன்றும் தெரியாத குழந்தைகூட ஏதோ வாசித்துவிட்டதாகச் சிரிக்கும்.

பிறகு அதை அபார்ட்மென்ட் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லித் தராமல் தள்ளி நின்று பார்க்கட்டும். செருப்பு காணாமல் போகும் (கயிறு கட்டியிருக்க வேண்டும்), ஒருவன் பைப்புக்குள் சாக்லேட் பேப்பரைத் திணிப்பான், மாலைக்குள் மேல் மாடியிலிருந்து புகார் வரும். இந்த வேலையில் பாதி இதுதான் சார். பக்கத்துக் காட்சிக்குப் போகும் சத்தத்தை அடக்குவது, பிள்ளைகளின் கைக்குத் தாங்குவது. சென்சார் வைத்துச் செய்தால் இன்னொரு தலைவலி: தட்டியதற்கும் ஒலிக்கும் இடையே 30 மில்லி நொடி தாமதம் வந்தாலே மிருதங்கம் பழகிய கைக்குத் தெரிந்துவிடும். அதைக் குறைக்கத்தான் அவளுடைய இ.சி.இ., வீணாகப் போகாது.

முடிந்தால் பெங்களூரு ஜே.பி. நகரில் 2019இல் திறந்த இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள். வெளியே இருக்கிற ஒலித் தோட்டத்தில் கருவிகளைப் பார்ப்பதைவிட, பிள்ளைகள் எதை எத்தனை நேரம் அடிக்கிறார்கள், எதை விட்டு ஓடுகிறார்கள் என்று அவள் குறித்துக்கொள்ளட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன், பைப்பை முதலில் ஒரு அங்குலம் நீளமாகவே விடச் சொல்லுங்கள். அறுத்தால் சுருதி ஏறும், இறக்க வேண்டுமென்றால் புதுப் பைப்தான்.