கிளுவைப் போத்து

ஐயா, வணக்கம்.

எங்கள் பூர்வீகம் மூலனூருக்குத் தெற்கே ஒரு சிற்றூர். பெயரைச் சொன்னால் தாராபுரத்திலேயே பலருக்குத் தெரியாது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பாரு (தாத்தா) விட்டுச்சென்ற 14 ஏக்கர் அங்கே பொட்டலாகக் கிடக்கிறது. புல்லும் முள்மரமும் தவிர ஒன்றும் இல்லை. சூரியத் தகடு பதிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அதை விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. ஊருக்கு நாளைக்கு இரண்டு முறைதான் பஸ், தண்ணீர் இல்லை, செல்போனுக்கு டவர் கிடைப்பதில்லை. எல்லோரும் ஒரே குடும்பமாக வாழ்ந்த அந்தக் காலமும் போய்விட்டது. விற்பது சரியா? இயற்கை விவசாயம் செய்தால் அங்கே பிழைக்க முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிப்பதற்குச் சற்று முன்புதான் என் விவசாயக் காட்டின் வடகோடியில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இரவில் நாய்கள் கம்பிக்கு அடியில் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்து, பட்டியில் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கடித்துப் போட்டிருந்தன. ஆகவே இந்தப் பதிலில் எங்காவது கோபம் தெறித்தால் அதில் பாதி நாய்களுக்கு உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி உங்களுக்குத்தான்.

பஸ்ஸையும் டவரையும் பற்றி என்னிடம் சொல்லிப் பயனில்லை. இயற்கை விவசாயத்தைப் பற்றிச் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேராவது காட்டில் இறங்கியிருப்பார்கள், தேடிப் பாருங்கள். என்னால் தாண்டிப்போக முடியாதது உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு சொல். பொட்டல்.

உங்கள் அப்பாருடைய காதில் அந்தச் சொல் விழுந்திருந்தால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்திருப்பார். புல், முள்மரம், சுற்றிலும் வேலி என்று நீங்கள் விவரித்த நிலத்துக்கு நம் பக்கத்தில் கொறங்காடு என்று பெயர். அது தானாக முளைத்ததல்ல, ஆட்கள் உண்டாக்கியது. நம் மண்ணுக்கு ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும்தான் வந்து சேர்கிறது, அதன் மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துவிடுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதை நம்பித்தான் ஆண்டைக் கழிக்க வேண்டும், எல்லாம் சேர்த்தும் 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் தேறும். அந்த மழையை வைத்துக்கொண்டு, சுக்கான் கல் கலந்த மண்ணில், ஒரு குடும்பமும் அதன் மாடுகளும் ஆடுகளும் பஞ்சத்தில் சாகாமல் இருக்க நம் முன்னோர் கண்டுபிடித்த வழி அது.

அதன் கணக்கைக் கேளுங்கள். நீங்கள் சொன்ன புல் கொழுக்கட்டைப்புல். கோடையில் வைக்கோல்போலக் காய்ந்து நின்றாலும் மாடு அதை விடாமல் மேயும், ஒரு மழை விழுந்தால் பழைய தூரிலிருந்தே துளிர்க்கும். நீங்கள் சொன்ன முள்மரம் வெள்வேல். அதன் நிழல் அடர்த்தியில்லாதது, அதனால் அடியில் புல் சாகாது, புல் தீரும் கோடையில் காய்களை உதிர்த்து ஆடுகளுக்குத் தீனி போடும். மூன்றாவது, நீங்கள் கண்டுகொள்ளவே இல்லாத கிளுவை வேலி. உயிர்வேலி நெருக்கமாக இருப்பதால் மாட்டை உள்ளே விட்டு வாசல் கடவை அடைத்தால் போதும், மேய்க்க ஆள் வேண்டியதில்லை. ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கம்போ விதைத்துவிட்டு மறுபடியும் மேய்ச்சலுக்கு விடுவார்கள், புல் முன்னிலும் அடர்ந்து வரும். 2017-இல் ஜல்லிக்கட்டுக்காகக் காங்கயம் காளையின் படத்தை ஏந்திக்கொண்டு கூடிய பிள்ளைகளில் நீங்களும் ஒருவராக இருந்திருக்கலாம். அந்தக் காளை என்ன தின்று அப்படி வளர்ந்தது என்று அன்றைக்கு யாராவது கேட்டீர்களா? உங்கள் பொட்டலைத் தின்றுதான் அம்மிணி.

காளைக்கு வேலை இருந்தவரைக்கும் காட்டுக்கும் மதிப்பு இருந்தது. கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்ததும் பாரவண்டி இழுத்ததும் அந்த மாடுகள்தான். 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கிவந்து, பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏறி, 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமும் ஆன பிறகு மாட்டை யார் கேட்பார்கள்? தண்ணீரும் கிணற்றை விட்டு ஆழ்குழாய்க்குள் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. இதில் உங்கள் அப்பாவின் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் எல்லோரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யார் சொன்னார்கள்? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். எங்கள் பண்ணையத்தில் ஒரு மாதாரி, அதாவது அருந்ததியர் சாதிப் பண்ணையாள், இருந்தார். என் அப்பாருக்கு மூத்தவர். எட்டு வயதில் நான் அவரை ‘டா’ போட்டுத்தான் கூப்பிட்டேன், அதனால் இப்போது ‘அவர்’ என்று எழுதும்போது கை கூசுகிறது. வாசலுக்கு வெளியே கொட்டாங்குச்சியில்தான் அவருக்குக் காப்பி ஊற்றுவோம், அதுவும் கை படாமல் உயரத்திலிருந்து. எந்தக் குடும்பத்தில் அம்மிணி மூத்தவருக்கு இப்படி ஊற்றுகிறார்கள்?

எங்கள் 9 ஏக்கரின் வேலி முழுவதும் அவர் கைபட்டது. கிளுவையின் கிளையைக் கை நீளத்துக்கு வெட்டினால் அது போத்து. வெட்டிய வாயில் பிசின் கசியும், மாங்காய்ப் பால்போலவும் சாம்பிராணிபோலவும் ஒரு வாசம், சாயங்காலம்வரை விரலை விட்டுப் போகாது. பட்டை கண்ணாடித்தாள்போல உரியும், உள்ளே பச்சையாக இருக்கும். போத்துகளை நெருக்கி நட்டு, இடைவெளியில் இலந்தை முள்ளை வைத்து மிதித்து, ஆண்டுதோறும் சந்து விழுந்த இடமாகப் பார்த்து அடைப்பார். ஓணான் அடிக்கப் போன எங்களுக்கு எந்தப் புதரில் கௌதாரி முட்டை வைத்திருக்கிறது என்று காட்டிவிட்டு, தொடக் கூடாது என்பார். பத்தடிக்குமேல் போகாத அந்த வேலிக்குள் கோவைக்கொடியும் பிரண்டையும் முடக்கத்தானும் படர்ந்து, கீரிகூட வளைந்து நெளிந்துதான் வெளியே வர வேண்டும். நாய் எங்கே நுழையும்?

1996-இல் காடு என் பெயருக்கு வந்தது. வேலி இருபுறமும் நான்கைந்து அடியை அடைத்துக்கொள்கிறது, அந்த இடத்தில் தென்னை வைக்கலாம் என்று எனக்கு ஒரு கணக்கு. பொக்லைனை வரவழைத்து வடக்குப் பக்கம் முழுவதையும் இரண்டே நாளில் பெயர்த்துக் கல்தூணும் கம்பியும் போட்டேன். இரண்டாம் நாள் அவர் வந்து ஓரமாக நின்றார். அப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. குவித்துப்போட்ட கிளுவைத் தூர் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எங்கய்யன் நட்டதுங்க சாமி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று அது புரியவும் இல்லை. அவர் குடும்பத்துக்கு அந்த மண்ணில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. அந்தத் தென்னைகளும் 2017 வறட்சியில் கருகிப்போயின, வெட்டி செங்கல் சூளைக்குப் போட்டேன்.

விற்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். பெங்களூரில் வீட்டுக்கடன் கட்டுகிறவர்களுக்கு நான் புத்தி சொல்வது நியாயமில்லை, உங்கள் அப்பாவும் யோசிக்காமல் சொல்லியிருக்க மாட்டார். வரும் ஐப்பசியில் முதல் மழை விழுந்த நான்காம் நாள் போய் அந்தப் புல்லை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வேலி போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது ஊரில் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விற்பதென்று ஆகிவிட்டால், பொக்லைன் வருவதற்கு முதல் நாள் எனக்கு ஒரு போன் போடுங்கள். டெம்போ எடுத்துக்கொண்டு வருகிறேன், ஐந்நூறு போத்தாவது தேறும். வடக்குப் பக்கத்துக்கு அது போதும்.