மணல்மேட்டில் எழுந்த பிஸ்பலா

கேள்வி: பின்லாந்தின் தம்பெரே நகரில் படிக்கும் என் பெறாமகள், பிஸ்பலா என்னும் குடியிருப்பின் படமொன்றை அனுப்பியிருந்தாள். செங்குத்தான சரிவில், ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் இருக்குமாறு பலகை வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒழுங்குக்குப் பெயர்போன நாட்டில் இப்படியோர் இடம் எவ்வாறு உருவானது?
– வாசகி ஒருவர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் குடியிருக்கும் உங்களுக்கு அந்த நிலத்தின் அமைப்பு எளிதில் விளங்கும். பிஸ்பலாவும் இரு நீர்நிலைகளுக்கு நடுவே உள்ள மணல்மேடுதான். ஆனால் அங்குள்ள மணலையும் கூழாங்கற்களையும் குவித்தவை கடலலைகள் அல்ல. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், உருகிக்கொண்டிருந்த பனிப்பாளத்திலிருந்து பாய்ந்த ஆறுகளே. மேட்டின் வடக்கே நாசியார்வி ஏரியும் தெற்கே பூஹாயார்வி ஏரியும் உள்ளன. வடக்கு ஏரியின் நீர்மட்டம் தெற்கு ஏரியினதைவிட ஏறக்குறைய 18 மீற்றர் உயரமானது. அந்த உயர வேறுபாட்டினால் தம்பெரேயின் நடுவே விசையுடன் பாயும் நீரை நம்பியே, ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பின்லேசன் 1820 இல் அங்கு ஆலை தொடங்கினார். அது பின்னர் பெரும் பருத்தி ஆலையாக வளர்ந்தது. வேறு ஆலைகளும் எழுந்தன. கிராமத்துக் குடும்பங்கள் வேலை தேடி வந்து சேர்ந்தன.

அவர்களுக்கு வீடு எங்கே? இங்குதான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பிஸ்பலா 1937 வரை தம்பெரே நகர எல்லைக்கு வெளியே, அயல் ஊராட்சிக்குரிய நிலமாக இருந்தது. நகரத்தின் கட்டட விதிகள் அங்கே செல்லாததால், 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஆலைத் தொழிலாளர்கள் சிறு துண்டுக் காணிகளைப் பெற்று, கைக்கெட்டிய பலகைகளைக்கொண்டு தாமே வீடு கட்டினர். குடும்பம் பெருகியபோது ஓர் அறையை ஒட்டினர். வீதி வரைந்து வீடு கட்டப்படவில்லை. வீடுகள் விட்டுவைத்த இடைவெளியே ஒழுங்கையாகவும் படிக்கட்டாகவும் ஆயிற்று. நீங்கள் ஒழுங்கின்மையாகக் காண்பதை, நகரத்துக்குள் இடம் கிடைக்காத உழைப்பாளர்கள் தம் கையால் அமைத்துக்கொண்ட ஒழுங்கு என்றே நான் கருதுகிறேன்.

அந்த மக்கள் கொடுத்த விலையும் பெரிது. 1918 ஏப்ரலில், பின்லாந்தின் உள்நாட்டுப் போரில் தம்பெரே வீழ்ந்தபோது, தொழிலாளர் தரப்பில் போரிட்ட செம்படையினர் இறுதிவரை தாக்குப்பிடித்த பகுதிகளில் பிஸ்பலாவும் ஒன்று. 1916 இல் அங்கு பிறந்து, தச்சு வேலையும் செய்த கவிஞர் லௌரி வீத்தாவின் எழுத்தில் அந்த மேட்டின் வாழ்வு பதிந்திருக்கிறது. தொழிலாளர் குடியிருந்த அதே சரிவில், ஏரி தெரியும் காணிகள் இன்று மிகுந்த விலை பெறுகின்றன என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் பெறாமகள் இன்னும் போகவில்லையென்றால், 1906 முதல் இயங்கும் ராயாபோர்த்தி என்னும் பொது நீராவிக் குளியலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். பின்லாந்தில் இன்றும் இயங்கும் பொதுக் குளியலகங்களில் அதுவே மிகப் பழையது. அப்பெயருக்கு எல்லை வாயில் என்று பொருள். நகரம் முடிந்து பிஸ்பலா தொடங்கிய இடத்தில் அது நிற்கிறது. பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. விறகால் சூடேற்றிய கற்களின்மேல் அகப்பையால் நீர் வார்க்க, ஆவி எழுந்து உடலைச் சூழும். வியர்த்தவர்கள் பனிக்காலத்திலும் துவாயைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, பக்கத்தில் இருப்பவருடன் கதைத்துக்கொண்டு ஆறியிருப்பார்கள்.