செபம் சொல்லுகிறவரால் என்ன கெடுதல்?

கேள்வி: நிகரகுவாவில் ஓர் ஆயரைச் சிறையில் போட்ட கதையை வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகள், "செபம் சொல்லுகிறவரால் அரசாங்கத்துக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.
– ஒரு தாய், வத்தளை

பதில்: அந்த ஆயர் ரொலாண்டோ அல்வாரெஸ். 2023 பெப்ரவரியில் 222 அரசியல் கைதிகளை அரசாங்கம் விமானத்தில் ஏற்றி நாடு கடத்தியபோது, ஏற மாட்டேன் என்று நின்றார். அடுத்த நாளே 26 வருடத் தண்டனை, குடியுரிமையும் பறிப்பு. 2024 ஜனவரியில் றோமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மகளுக்கு விளக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், அம்மா. எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இல் ஒல்லாந்தர் கட்டளை போட்டார்கள். அவர்களும் யேசுவைக் கும்பிட்டவர்கள்தான். ஆனால் கத்தோலிக்கன் என்றாலே போர்த்துக்கேயனின் ஆள் என்று பார்த்தார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் சுவாமியார் தூத்துக்குடியில் தோணி ஏறி, கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சை கேட்டார், மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது, யார் மறைந்து வாழும் கத்தோலிக்கர் என்று அறிய.

என் அம்மம்மா சில்லாலைக்காரி. சுவாமியார் ஒளிந்திருந்த ஊர் அது. கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையில் இருந்து, "எங்கட வாசலுக்கு வந்தவர்" என்றே சொல்லுவா. அவவே அவரைக் கண்டதாகத்தான் சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன். சுவாமியாரை விட, கதவைத் திறந்துவிட்ட அந்தக் குடும்பங்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே பூசைக்கு இடம் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு சுவாமியார், ஒல்லாந்தர் கைக்குள் வராத கண்டி இராச்சியத்துக்குப் போனார். அங்கே 1692இல் சிறை. குற்றம்: போர்த்துக்கேய உளவாளி. மகளின் கேள்விக்கு விடை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. "செபம் சொன்னான்" என்று குற்றப்பத்திரம் எழுத அரசுகள் கூச்சப்படும். உளவாளி, துரோகி என்று எழுதும். ஹங்கேரியின் கர்தினால் மின்சென்டிக்கு 1949இல் தேசத்துரோகம். ஈரானில் 2008இல் பிடிக்கப்பட்ட, பஹாய் என்ற சிறுபான்மை மதத்தின் ஏழு தலைவர்களுக்கு உளவு. அல்வாரெசுக்கும் துரோகம்தான். தன் அனுமதி கேளாமல் கூடுகிற சனத்தைக் கண்டால் அரசுக்குப் பயம். அந்தச் சனம் தன்னைவிட ஒரு மனிதரை நம்பினால் இன்னும் பயம்.

வாஸ் சுவாமியார் சிறைக்குள் சிங்களம் படித்தார், குடிசை போட்டுப் பூசை வைத்தார். உளவாளி அல்ல என்று கண்ட பௌத்த மன்னர் விமலதர்மசூரியன் அவரைத் தடையின்றி நடமாட விட்டார். இதையும் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கிறிஸ்தவ ஒல்லாந்தர் துரத்தியவருக்குப் பௌத்த மன்னர் அடைக்கலம் கொடுத்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்த்தவர் அதே சுவாமியார்.

2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அம்மம்மாவின் செபமாலை கையில் இருந்தது.

மகளுக்கு முதலில் சில்லாலை வாசல்களைப் பற்றிச் சொல்லுங்கள். நிகரகுவாவை அதற்குப் பிறகு சொல்லலாம்.