முதியோர் மனநல மருத்துவர் என்று தனியாக ஒருவர் எதற்கு?

அம்மாவுக்கு 74 வயது, தூக்கமில்லை, மறதி வேறு, முதியோர் மனநல மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள், மற்ற மனநல மருத்துவர் செய்யாத எதை அவர் செய்யப் போகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. பெரம்பூரில் அப்பாவை வைத்துக்கொண்டு அலைந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் அம்மா இறந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு குறைந்தது, பேப்பர் படிப்பது நின்றது, மத்தியானம் சாப்பிட்டதே மறந்துபோனது. "எழுபத்தாறு வயசுல இதுகூட இல்லாம இருக்குமா" என்றார் அத்தை, நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டியே மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் விடியற்காலையில் பாத்ரூம் போகும்போது விழுந்தார். அதற்கப்புறம்தான் இந்த மருத்துவரிடம் போனோம்.

வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருந்தார். மேசையில் கொட்டினால் 11 வகை! மூன்று டாக்டர்கள் எழுதியவை, ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. தூக்க மாத்திரையும், அரிப்புக்கு என்று அப்பாவே கடையில் வாங்கிப் போட்டதும் சேர்ந்தாலே இந்த வயதில் மறதியும் தள்ளாட்டமும் வரும் என்றார். ஆனால் தூக்க மாத்திரையைப் பட்டென்று நிறுத்தக் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவே இரண்டு மாதம் ஆனது. சோடியம், தைராய்டு, பி12, சிறுநீர் எல்லாம் பார்த்தார். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தால்கூட வயதானவர்கள் திடீரென்று தடுமாறிப் பேசுவார்களாம், வீட்டில் அதைப் போய் டிமென்ஷியா (மறதி நோய்) என்று நினைத்துக்கொள்வார்கள்.

என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அப்பாவிடம் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார் (நம் ஊரில் எந்த டாக்டர் முக்கால் மணி நேரம் தருகிறார்?). மறதி எவ்வளவு என்று பார்க்கக் கடிகாரம் வரையச் சொன்னாராம். மறதி நோய் வந்தவர்கள் பெரும்பாலும் அதை மறைத்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் யோசிக்காமலே "தெரியலை" என்று விட்டுவிடுவார்கள். அப்பா எதைக் கேட்டாலும் தெரியலைதான். அதை மட்டும் வைத்து முடிவுகட்டவில்லை, ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மனச்சோர்வு என்றார். வழக்கமான அளவில் பாதியில் மருந்தை ஆரம்பித்தார், அதுவே சில முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைத்துவிடும் என்பதால் இரண்டே வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை.

டிமென்ஷியாவாகவே இருந்தாலும், பெரும்பாலும் முழுதாகக் குணமாகாதே தவிர, சந்தேகம், ராத்திரி அலைவது, பார்த்துக்கொள்பவரின் களைப்பு இதற்கெல்லாம் அவரிடம் வழி இருக்கும்.

இந்தத் தனிப்படிப்பு படித்தவர்கள் குறைவு. கிடைக்காவிட்டால் நல்ல பொது மனநல மருத்துவரே போதும், மாத்திரைப் பையை மட்டும் மறக்காதீர்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தில் மறதி நோய்க்குச் சிகிச்சை உண்டு. முதலில் போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம்.

அம்மாவிடம் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். நான் "தூக்கத்துக்கு டாக்டர்" என்று சொல்லிக் கூட்டிப் போனேன், அப்பா போர்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். விஷயம் தெரிந்ததும் டாக்டர் சிரித்தார்: "பேப்பரே படிக்கலைன்னு சொன்னீங்க, போர்டை எழுத்துக்கூட்டாம படிச்சிருக்காரே!"