எஃப் 1 டெஸ்டிங் நேரங்களை வைத்து எந்த அணி பலமானது என்று சொல்ல முடியுமா?

ஃபார்முலா 1 கார் பந்தய சீசன் தொடங்கும் முன் அணிகள் புதுக் காரை ஓட்டிப் பார்ப்பதுதான் டெஸ்டிங். அதை வைத்து ஓரளவு சொல்லலாம். ஆனால் எல்லோரும் முதலில் பார்க்கிற நேரப் பட்டியலை வைத்து அல்ல.

2025 பிப்ரவரியில் பஹ்ரைனில் மூன்று நாள் டெஸ்டிங் நடந்தது. மூன்று நாளிலும் சேர்த்து மிக வேகமான சுற்றை ஓட்டியவர் வில்லியம்ஸ் அணியின் கார்லோஸ் சைன்ஸ். எங்கள் திருவொற்றியூர் நண்பர்கள் குழுவில் அன்று ராத்திரியே வில்லியம்ஸுக்கு மாலை போட்டுவிட்டார்கள். சைன்ஸ் அந்தச் சுற்றை ஓட்டிய அதே நாள் மெக்லாரன் அணியில் லாண்டோ நாரிஸ் நீண்ட தூரம் ஓடினார். பட்டியலில் ஒவ்வொருவரின் மிக வேகமான ஒரு சுற்று மட்டும்தான் இருக்கும், அதனால் அது எங்கேயும் தெரியாது. மெல்போர்னில் முதல் பந்தயத்தை ஜெயித்தது அவர்தான், வருஷக் கடைசியில் சாம்பியனும் அவர்தான். அணிகள் பட்டியலில் வில்லியம்ஸ் ஐந்தாவது வந்தது. அவர்கள் இருந்த நிலைமைக்கு அதுவே பெரிய விஷயம், அது வேறு கதை.

ஏன் இப்படி? முதல் காரணம் பெட்ரோல். 2025 வரை இருந்த விதியில் ஒரு பந்தயத்துக்கு 110 கிலோ வரை எரிபொருள். பத்து கிலோ கூடினால் சுற்றுக்குச் சுமார் 0.3 வினாடி போகும். அப்படியென்றால் நிறைந்த டேங்குக்கும் காலி டேங்குக்கும் மூன்று வினாடி வித்தியாசம். பட்டியலில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி பல நாள் இருப்பதே இல்லை. யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று எந்த அணியும் சொல்லாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகள் மாதிரிதான், பெட்டி காலியா நிறைந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அப்புறம் டயர். எல்லோருக்கும் டயர் கொடுக்கிற பிரெல்லியின் வகைகளில் சி1 கடினம், எண் கூடக் கூட மென்மை. மென்மையான டயர் ஒரு சுற்றுக்குப் பறக்கும், சீக்கிரம் தேயும். எஞ்சினை எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பதும் ரகசியம்தான்.

ஆகவே நான் பார்ப்பது பந்தய ஒத்திகையை. பஹ்ரைனில் பந்தயம் 57 சுற்று. சில அணிகள் அந்த முழு தூரத்தையும் நடுவில் டயர் மாற்றி ஓடிப் பார்ப்பார்கள். நடுவில் பெட்ரோல் போடவில்லை என்றால், கிளம்பும்போது டேங்க் ஏறக்குறைய நிறைந்திருக்க வேண்டும். டெஸ்டிங்கில் காரின் எடையை நாம் ஊகிக்க முடிகிற ஒரே நேரம் இதுதான். சுற்றுக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எரியும், அதனால் கார் தானாகவே சுற்றுக்கு 0.06 வினாடி வேகமாக வேண்டும். பதினைந்து சுற்றும் ஒரே நேரத்தில் ஓடினால், ‘ஆகா, டயர் தேயவே இல்லை’ என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் முக்கால் வினாடிக்கு மேல் டயர் தின்றிருக்கிறது. நேரம் குறைந்துகொண்டே போகிற காரைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ஒப்பிடுகிற இரண்டு காரும் ஒரே பொழுதில் ஓடியிருக்க வேண்டும். அங்கே மதிய வெயிலில் ஓடியதும் விளக்கு போட்டபின் ஓடியதும் ஒன்றல்ல.

இன்னொரு விஷயம், நல்ல செய்தியைவிடக் கெட்ட செய்தியை அதிகம் நம்பலாம். 2019இல் பார்சிலோனாவில் வெட்டல் ஓட்டிய ஃபெராரி, மெர்சிடிஸ் ஓட்டிய ஹாமில்டனைவிட 0.003 வினாடி முந்தியது. சீசன் தொடங்கியதும் முதல் ஐந்து பந்தயத்திலும் முதல் இரண்டு இடம் மெர்சிடிஸுக்கு. 2022இல் அதே மெர்சிடிஸ் நேர்ப்பாதையில் தவளை மாதிரி குதித்தது. ஜெயிக்கிற கார் இல்லை என்று ஹாமில்டன் சொன்னதை ‘நடிக்கிறார்கள்’ என்று பாதிப்பேர் தள்ளினார்கள். அந்த வருஷம் முழுக்க அவர்களுக்குக் கிடைத்தது ஒரே வெற்றி, பிரேசிலில் அணியின் இன்னொரு ஓட்டுநர் ரஸ்ஸல் வாங்கியது.

ஆனால் கெட்ட செய்தியிலும் ரகம் உண்டு. உடைந்து நிற்பது வேறு, மெதுவாக இருப்பது வேறு. 2014இல் ஸ்பெயினின் ஜெரெஸில் நடந்த டெஸ்டிங்கின் நான்கு நாளிலும் சேர்த்து ரெட் புல் 21 சுற்றுதான் ஓடியது, ரெனோ எஞ்சின் படுத்துவிட்டது. அப்படியும் மூன்று பந்தயம் ஜெயித்து இரண்டாவதாக முடித்தார்கள். அடிப்படையில் கார் நல்லது, ரிப்பேர் செய்ய முடிந்தது. 2015 மெக்லாரன்-ஹோண்டாவுக்கு உடைவதும் இருந்தது, வேகமும் இல்லை. அணிகள் பட்டியலில் ஒன்பதாவது.

டெஸ்டிங்கே இல்லாமல் போனவர்களும் உண்டு. நம்ம சென்னை கருண் சந்தோக் 2010இல் ஹிஸ்பானியா அணியின் காரை முதன்முதலாக ஓட்டியதே பஹ்ரைன் தகுதிச்சுற்றில்தான், அதாவது பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகிற சுற்றில்.

எந்த மைதானம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 முதல் 2024 வரை டெஸ்டிங் நடந்த பஹ்ரைனிலேயே முதல் பந்தயமும் நடந்ததால் கணிப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது. முதல் பந்தயம் மெல்போர்ன் என்றால் வெப்பம், தார், வளைவுகள் எல்லாமே மாறிவிடும். அங்கே சனிக்கிழமை தகுதிச்சுற்றில்தான் எல்லோரும் முதல்முறையாக ஒரே மாதிரி டேங்கைக் காலி செய்து, எஞ்சினை முழுசாகத் திறந்து ஓடுவார்கள்.