மதுரைக்கு இரண்டு நாள்: குடும்பத்தோடு போகிறவர்களின் கேள்விகள்

பல்லடம், காங்கயம் பக்கத்துக் குடும்பங்களை வேனில் மதுரைக்குக் கூட்டிப்போய் வருவது என் தொழில். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூர்: ஏனுங்ணா, சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிறு ராத்திரி வந்துவிடணும். மீனாட்சி கோயில், மகால், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில் எல்லாம் முடியுங்களா?

வண்டி தாங்கும், வீட்டு ஆட்கள் தாங்க மாட்டார்கள். அழகர்கோயிலை விட்டுவிடுங்கள், அது வடக்கே வேறு திசை. மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். இதை வைத்துத்தான் திட்டமே போட வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பி, தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக டிபன் சாப்பிட்டுக்கொண்டு போனாலும் பத்தரை ஆகிவிடும். அந்த நேரத்தில் வரிசைக்கு ஓடாதீர்கள். அறை போட்டு, சாப்பிட்டு, மூன்று மணிக்கு நாயக்கர் மகாலுக்குப் போங்கள். 1636-ல் கட்டிய அரண்மனையில் கால்வாசிதான் மிச்சம், ஆனாலும் அந்தத் தூண்களைப் பார்த்தால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். சாயங்காலம் தெப்பக்குளக் காற்று. ஞாயிறு விடியும்போதே கோயில், அப்புறம் திருப்பரங்குன்றம், அப்படியே ஊருக்கு.

ஈரோடு: அம்மாயிக்கு எழுபத்தெட்டு வயது, முட்டி வலி. எங்கே தங்கலாம்?

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் வளையம் வளையமாக இருக்கும். சித்திரை வீதிக்குள் வண்டி விடமாட்டார்கள். அதனால் மேல மாசி வீதிப் பக்கம் அறை எடுங்கள், ரயில் நிலையமும் அந்தத் திசைதான். பைபாஸில் வாடகை குறைகிறதே என்று போனால், அந்தக் காசை ஆட்டோவுக்குக் கொடுப்பீர்கள். அம்மாயியை வெயில் ஏறுவதற்குள் கூட்டிப்போய்விடுங்கள். மதியம் கல் தரையில் கால் வைக்க முடியாது.

கோபி: உள்ளே செல்போன் கூடாதாமே, யாராவது தொலைந்துவிட்டால்?

2018-ல் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனை உள்ளே விடுவதில்லை. அதனால் நுழையும்போதே சந்திக்கும் இடத்தைப் பேசிவிடுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு என்றால் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். சின்னப் பிள்ளையின் சட்டைப் பையில் நம்பர் எழுதி வைக்கிறவர்கள், லாக்கரில் கிடக்கும் தன் செல்போன் நம்பரையே எழுதி வைக்கிறார்கள்! தங்கும் விடுதி நம்பரையோ வெளியே நிற்கும் டிரைவர் நம்பரையோ எழுதுங்கள்.

இன்னொன்று, செருப்பு. எந்தக் கோபுர வாசலில் விட்டீர்களோ அதே வாசல் வழியாக வெளியே வாருங்கள். வெளிக்கோபுரம் நாலும் புது ஆளுக்கு ஒரே மாதிரித் தெரியும். தெற்கு வாசலில் விட்டுவிட்டு வடக்கு வாசலில் வெளியேறிய ஒரு குடும்பம், பதினோரு மணி வெயிலில் சித்திரை வீதியை வெறுங்காலோடு பாதி சுற்றி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஊர் வரும்வரை பேசிக்கொள்ளவில்லை. பெல்ட், தோல் பர்ஸை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

கோவை: பிள்ளைகளுக்கு உள்ளே என்ன காட்டலாம்?

ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள்தான், எண்ணச் சொல்லுங்கள். வெள்ளியம்பல நடராஜரையும் காட்டுங்கள். வழக்கமாக இடக்கால் தூக்கி ஆடுகிறவர் இங்கே வலக்காலைத் தூக்கியிருப்பார்.

பொள்ளாச்சி: ரயிலில் போகலாமா?

தாராளமாக. உங்கள் ஊர் வழியாகவே பழனி, திண்டுக்கல் தொட்டு மதுரைக்கு ரயில் இருக்கிறது. பஸ் என்றால் அரப்பாளையத்தில் இறக்கிவிடுவான்.

காங்கயம்: கட்டுச்சோறு கட்டிக்கொள்ளலாமா?

போகும் வழிக்குக் கட்டுங்கள். மதுரைக்குள் இலை விரித்து உட்கார இடம் தேடி அலைய வேண்டாம். அங்கே போயும் புளிச்சோறா? சாயங்காலம் பருத்திப்பால், ராத்திரி கறி தோசை, சைவம் என்றால் நாலு சட்னியோடு இட்லி. ஜிகர்தண்டாவை மதிய வெயிலில் குடியுங்கள்.

நாமக்கல்: எந்த மாதம் வேண்டாம்?

திருவிழா பார்க்கவே போனால் ஒழிய சித்திரை வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். விடுமுறை கிடைத்தால் புதன், வியாழனில் போங்கள்.

சென்னிமலை: பையன் கொடுமணல் அகழாய்வைப் பார்த்து வந்ததிலிருந்து பானை ஓடு, பாசிமணி என்றே இருக்கிறான். கீழடியைச் சேர்க்கலாமா?

கட்டாயம். 2023-ல் திறந்த அருங்காட்சியகம், மதுரையிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான். கோயில் நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தை அங்கே கழிக்கலாம். கொடுமணலில் பார்த்த மாதிரியே தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் இருக்கின்றன. அந்தப் பையனை ஒரு மணி நேரத்தில் வெளியே இழுத்துவர முடியாது, திருப்பரங்குன்றத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.